எல்லாவற்றையும் எழுதிவிடும் அம்மா

அம்மாக்களில் பல வகை உண்டு. அடிக்கிற அம்மா, அடித்துவிட்டுத் தானும் உட்கார்ந்து அழுகிற அம்மா, அடிக்காமல் ஒரே பார்வையில் அழவைக்கிற அம்மா. இவர்களையெல்லாம் பிள்ளைகள் எப்படியோ சமாளித்துவிடுகிறார்கள். சமாளிக்கவே முடியாத வகை ஒன்று இருக்கிறது. அதுதான் எழுதுகிற அம்மா. கதை எழுதுகிறவளைச் சொல்லவில்லை. அவள் பாவம், ஊர் பேர் தெரியாத யாரையாவது அழவைத்துவிட்டுப் போகிறாள். நான் சொல்வது, வார இதழின் கடைசிப் பக்கத்தில் பூப்போட்ட கட்டத்துக்குள் தன் சொந்த வீட்டைப் பற்றியே வாரம் தவறாமல் எழுதித் தள்ளுகிறாளே, அவளை.

இவளை எனக்கு எப்படி இவ்வளவு நெருக்கமாகத் தெரியும் என்று கேட்காதீர்கள். தினம் காலையில் பல் தேய்க்கும்போது எதிரே வந்து நிற்கிறாள், என்ன செய்ய?

இவளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். அடுப்பில் பால் பொங்கினால் மற்றவர்கள் ஓடிவந்து அணைப்பார்கள். இவள் பக்கத்திலேயே நின்று, பொங்குவதற்கும் வழிவதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒரு நொடிக்கு நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருப்பாள். வார்த்தை கிடைக்கும்போது பால் தரையில் இருக்கும். சின்னவனுக்கு முதல் பல் விழுந்தபோது, அவன் அழுதுகொண்டே ஏதோ சொன்னான். மற்ற அம்மாவாக இருந்தால் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். இவள் சமையலறை அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துவந்து, "என்னடா கண்ணா சொன்னே? அதே மாதிரி இன்னொரு தடவை சொல்லு" என்றாள். அவனும் நல்ல பிள்ளை, இன்னொரு தடவை அழுதான்.

வீட்டுக்காரர் பாடு இன்னும் மோசம். இதழைப் புரட்டிக்கொண்டிருந்த மனிதர் ஒருநாள் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மூத்தவ பொறந்த அன்னிக்கு மழையா? வெயில் மண்டையைப் பிளந்துச்சே!"

"வெயில்ல பொறந்தா யாருங்க படிப்பா?"

"சரி, நான் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ சொன்னேன்னு எழுதியிருக்கியே, நான் எப்போ சொன்னேன்? நான் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கிட்டிருந்தேன்."

"உள்ளே வந்திருந்தா சொல்லியிருப்பீங்க."

மனிதர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அடுத்த வாரம் அதுவும் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். வினை எங்கே வந்தது என்றால், மூத்தவளுக்குப் பதினைந்து வயது நடக்கும்போது, அவள் எட்டு வயதுவரை படுக்கையை நனைத்துக்கொண்டிருந்ததையும், விடிவதற்கு முன்பே எழுந்து யாருக்கும் தெரியாமல் தானே விரிப்பை அலச முயன்றதையும், உருக உருக ஒரு கட்டுரையாக இவள் எழுதியதில் வந்தது. எழுதும்போது இவளுக்கே கண் கலங்கியது. பெற்ற பாசம்தான், பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டுரை மகளின் வகுப்பாசிரியைக்கும் பிடித்துத் தொலைத்தது. சும்மா பிடித்திருந்தால் பரவாயில்லை. நாற்பது பிள்ளைகள் முன்னால் வாய்விட்டு வாசித்துவிட்டு, "யாரோட அம்மான்னு தெரியுமா?" என்று பெருமையாக வேறு கேட்டார்.

அன்றிலிருந்து மகள் பேச்சை மூட்டை கட்டிவிட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. ஸ்கூல் எப்படி இருந்தது? "இருந்துச்சு." யாரோடு சாப்பிட்டாய்? "வாயோட." கதவு சாத்திக்கொண்டது. இவள் என்ன செய்தாள் என்று நினைக்கிறீர்கள்? மன்னிப்புக் கேட்டாளா? மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் தாயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள்! வாசகர் கடிதங்கள் குவிந்தன. 'என் மனதை அப்படியே படம் பிடித்துவிட்டீர்கள்' என்று பதினேழு தாய்மார்கள். எல்லாக் கடிதத்தையும் படித்து, இரண்டு வரியாவது பதில் எழுதினாள். உள்ளே இருந்தவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் வீட்டுக்காரரின் தங்கை போன் செய்தாள். "அண்ணி, இப்ப அவ எப்படி இருக்கா? சாப்பிடறாளா?"

"ஏன், அவளுக்கு என்ன?"

"உங்ககிட்ட சொல்லலையா? தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி... சொன்னா எழுதிடுவீங்களாம்."

இவள் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு அழுதாள். பத்து மாதம் சுமந்தவளுக்குத் தெரியாதது, போனில் பேசுகிற அத்தைக்குத் தெரிந்திருக்கிறது! அந்த அழுகைக்கு நடுவிலும், கட்டுரைக்கு ஒரு முதல் வரி தோன்றியது பாருங்கள். நல்ல வரி வேறு. அப்போதுதான் தன்னைப் பார்த்தே இவளுக்குப் பயம் வந்தது.

மறுநாள் வியாழக்கிழமை, கட்டுரை அனுப்ப வேண்டிய நாள். சாயங்காலம் இவள் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் வாசற்படியில் வந்து நின்றாள்.

"அத்தை பேசினாங்களா?"

"பேசினா. விஷயம் என்னன்னு சொல்லலை. நானும் கேக்கலை."

மகள் நம்பாமல் பார்த்தாள். "போன் எங்கே?"

"சார்ஜ்ல."

"நோட்டு?"

இவள் எழுந்துபோய் நோட்டை எடுத்துவந்து, அதோடு பேனாவையும் சேர்த்து, மகள் கையில் கொடுத்தாள். "அன்னிக்கு நான் எழுதினது தப்புடி. உன்னைக் கேட்டிருக்கணும். கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பே. அது தெரிஞ்சுதான் கேக்கலை."

மகள் நோட்டை நாற்காலியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள்.

நாற்பது நிமிடம் பேசினாள். அந்த நாற்பது நிமிடத்தில் மூன்று இடத்தில், அச்சில் வந்தால் ஊரே அழும்படியான வார்த்தைகள் அவள் வாயிலிருந்து தானாக விழுந்தன. இவளுக்குக் கை நமநமத்தது. ஒரே துண்டைப் பதினோரு தடவை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "இன்னொரு தடவை சொல்லு" என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினாள். கடைசியில் மகள் அழுதபோது துண்டைப் போட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பார்த்துத்தானா போன் அடிக்க வேண்டும்? உதவி ஆசிரியர்.

"மேடம், பக்கம் காலியா நிக்குது. கட்டுரை இன்னும் வரலையே?"

"இந்த வாரம் இல்லைங்க."

"என்ன மேடம், வீட்ல ஒண்ணுமே நடக்கலையா?"

இவள் மகளைப் பார்த்தாள். மகள் அழுகையை நிறுத்திவிட்டு இவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே நடக்கலைங்க" என்றாள் இவள்.

அந்த வாரம் பூப்போட்ட கட்டத்துக்குள் கறை நீக்குவது எப்படி என்று போட்டார்கள். அதற்கும் நாலு பேர் பாராட்டி எழுதினார்களாம், போகட்டும்.

இப்போது நீங்கள் படிக்கிற இதுகூட மகளிடம் காட்டிய பிறகுதான் வெளியே போகிறது. அவள் பேனாவால் அடித்துத் தள்ளியது போக மிச்சம் இவ்வளவுதான். படுக்கை விஷயம் இருக்கட்டும், அதுதான் ஏற்கெனவே மானம் போயாயிற்றே என்று விட்டுவிட்டாள். நாற்பது நிமிடம் பேசியதில் ஒரு வரிகூடத் தப்பவில்லை.

அப்படி என்னதான் சொன்னாள் என்றா கேட்கிறீர்கள்? காதலா, மார்க்கா, சிநேகிதியோடு சண்டையா? கோடி காட்டினால் போதும், யாரிடமும் சொல்லமாட்டீர்களா? ஆகா, நாற்காலியைக் கொஞ்சம் முன்னால்கூட இழுத்துப் போட்டுக்கொண்டுவிட்டீர்கள். எழுதத் தெரியாவிட்டால் என்ன, அடுத்த வீட்டில் சொல்ல வாய் இருக்கிறதே! எதற்கும் இன்று சாயங்காலம், நீங்கள் அறைக்குள் நுழையும்போது உங்கள் பிள்ளை பேச்சைப் பாதியில் நிறுத்துகிறதா என்று கவனித்துப் பாருங்கள்.