எழவு வீட்டில் கைதட்டியவன்

முன்பின் தெரியாத ஒரு மனிதரின் சாவில் முன்வரிசையில் உட்கார்ந்து, கடலை தின்று, கைதட்டியவன் நான். இனி இதை மறைத்துப் பயனில்லை. உத்தமபாளையம் வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரியும். மிச்சப் பாதிக்கு என் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

என் தங்கை ஈஸ்வரி கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனவள். அவள் குடியிருந்த அடுக்குமாடிப் பகுதியில் சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லோரும் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு கலை விழா நடத்துவார்கள். அந்த வருஷம் அவளுக்கு மேடையில் பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். எங்கள் அனுமந்தன்பட்டி வயலில் பெண்கள் பாடும் நடுகைப் பாட்டைப் பாடப் போகிறாள். ஊரில் இருந்தவரை அவள் குரல் குளியலறையைத் தாண்டியதில்லை. அப்பாவுக்கு நுரையீரலில் கோளாறு, விமானம் ஏறக் கூடாது. அதனால் பெரியகுளத்தில் ஒரு ஆபீசில் ஃபைல் தூக்கிக்கொண்டிருந்த என்னை அனுப்பினார்.

"ஏலே, நீ மட்டும் கேட்டாப் பத்தாது. போன்ல எனக்கும் காட்டணும்."

விழா அன்று சாயங்காலம் ஈஸ்வரி மேக்கப் போட முன்னாலேயே கிளம்பிவிட்டாள்.

"அண்ணே, இருநூத்திப் பதினாலாம் பிளாக்கு. கட்டடத்துக்குக் கீழ கூடாரம் போட்டிருப்பாக. முன்னால போயி உக்காரு. மேடையில நின்னா உன் மூஞ்சி தெரியணும். இல்லாட்டி எனக்குப் பயத்துல பாட்டு வராது."

நான் போய் உட்கார்ந்தது இருநூற்று நாற்பத்தொன்றாம் பிளாக்கில். (எண்ணை மாற்றி எழுதித்தான் ஆபீசில் இரண்டு மெமோ வாங்கியிருந்தேன். மூன்றாவதைக் கடல் தாண்டி வாங்கப் போனேன்.)

கூடாரம் இருந்தது. வட்ட மேசைகள் இருந்தன. வெள்ளை உடுப்பில் பேண்டு வாத்தியக்காரர்கள் நின்றார்கள். பூக்களுக்கு நடுவே ஒரு சீனப் பெரியவரின் பெரிய போட்டோ. விழாத் தலைவர் என்று நினைத்தேன். (போட்டோ வைக்காமல் நம்மூரில் காதுகுத்துகூட நடப்பதில்லையே!) ஒருவர் சிவப்பு நூல் கொடுத்தார். காப்பு என்று பக்தியோடு கையில் கட்டிக்கொண்டேன். இன்னொருவர் கடலையும் ஜூஸும் வைத்தார். என்ன உபசரிப்பு என்று மனம் குளிர்ந்தது.

பேண்டு மெதுவாக ஒரு பாட்டு வாசித்தது. கேட்கக் கேட்க நெஞ்சை என்னவோ செய்தது. முடிந்ததும் ஒருத்தரும் கைதட்டவில்லை. ரசனை கெட்ட ஜனம் என்று நொந்துபோய், நானே எழுந்து நின்று தட்டினேன். போதாதென்று ஒரு விசிலும் அடித்தேன்.

எல்லாத் தலையும் திரும்பியது.

நடுவயதுக்காரர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. விழா வேலையில் தூக்கம் இல்லை போலும், பாவம்.

"வெரி நைஸ் சார்," என்றேன். "எவ்ரி இயர் நடத்துவீங்களா?"

'எவ்ரி இயர்' மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"நோ. ஒன் டைம் ஒன்லி," என்றார்.

அந்த நேரம் பார்த்து அப்பா வீடியோவில் கூப்பிட்டார். போனைச் சுற்றிக் காட்டினேன்.

"தங்கச்சி எங்கடா?"

"இனிமேத்தான்ப்பா வருவா."

"ஏலே, அந்தப் போட்டோவுக்குப் பின்னால நீளமா இருக்கே, அது என்ன?"

"மேடைப்பா."

அப்பா இருமினார்.

"அது பெட்டிடா. எழவு வீட்டுல உக்காந்திருக்க. மொதல்ல போன இறக்கு. அந்த மனுசனுக்குக் கையக் குடுத்துட்டு எந்திரி."

கை கொடுத்தேன். "மை ஃபாதர்," என்றார் அவர். அதே பேண்டில் டிரம்பெட் வாசித்தவராம் அந்தப் பெரியவர். கைதட்டல் என்றால் அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். நிஜமாகவே சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது.

வழி கேட்டு ஓடினேன். இருநூற்றுப் பதினாலில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரி பட்டுப் புடவையோடு மேடை ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். கெஞ்சிக் கெஞ்சி இரண்டு முறை தன் வரிசையைத் தள்ளிப் போட்டிருக்கிறாள். கடைசியில் வாசலையே பார்த்து நான்கு வரி பாடி, அதற்கு மேல் பாட்டு வராமல் இறங்கிவிட்டாளாம்.

என் கையில் இருந்த சிவப்பு நூலைப் பார்த்தாள்; சீனர் எழவு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நூலாம் அது. "யாரு செத்தது?" என்றாள்.

சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சிரித்தது அப்பாதான். டீக்கடையில், ரேஷன் கடையில், ஆஸ்பத்திரி வரிசையில் என்று மூச்சு வாங்க வாங்க இந்தக் கதையைச் சொல்லி ஊரையே சிரிக்க வைத்தார். ஆனால் பாட்டைக் கேட்கவில்லை. போனில் பாடச் சொன்னால், "அடுத்த வருசம் மேடையில கேளுங்கப்பா," என்பாள் ஈஸ்வரி. அவளுக்கு மறுபடி மேடை கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அப்பா போய்விட்டார். ஈஸ்வரி மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். வாசலில் கொட்டு அடித்து ஓய்ந்தது. வீடு முழுக்க அமைதி. அவள் என் காதோரம் சாய்ந்தாள்.

"அண்ணே, கை தட்டிராத."

இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். தோள்கள் குலுங்கின. அடக்க அடக்க முடியவில்லை.

"பிள்ளைக எப்பிடி அழுகுதுக பாருங்க," என்றாள் அத்தை, கூட்டத்தைப் பார்த்து.

அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை.