முதலாமிடம்: கதிரையில் இருந்து பயப்படுதல்

அன்று உடுப்புத் தோய்க்கும் அறையில் இருந்தவர்கள் சரியாக நாலு பேர். குளிர் ஜக்கெற்றோடு ஏழாம் மாடி புஷ்பம் அன்ரி. காதில் எதையோ மாட்டிக்கொண்டு அவருடைய மகள் அனுஷா. நான். நாலாவது, நாடிபிடி அண்ணை. ஏதும் நடந்தால் சாட்சி வேண்டுமே என்று போகிற இடமெல்லாம் ஆட்களை எண்ணி வைப்பது என் பழக்கம். ஆகவே இதில் பிழை இராது.

மல்வேர்னில் எங்கள் கட்டடத்துக்குள் காலடி வைத்துவிட்டு நாடிபிடி அண்ணையிடம் கையைக் கொடுக்காமல் தப்பியவர் ஒருவருமில்லை. லிப்டுக்குள் "எப்பிடிச் சுகம்?" என்று கேட்கும்போதே மணிக்கட்டு அவர் கையில் இருக்கும். நாங்கள் பதில் சொல்லுமுன் நாடி சொல்லிவிடும். பீட்சா கொண்டுவந்தவர், குழாய் திருத்த வந்தவர், வேதம் சொல்ல வந்த இரண்டு வெள்ளைக்காரர், எல்லோருடைய துடிப்பும் அவருக்குப் பாடம். முப்பது வருடம் கார்த் தரிப்பிடத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து ரிக்கெற் கொடுத்தவர். "அவ்வளவு காலமும் சனம் யன்னலுக்குள்ளாலை கையை நீட்டினது. நான் விசரன், காசை மட்டும் வாங்கிப்போட்டு விட்டிட்டன்" என்று உண்மையாகவே கவலைப்படுவார்.

ஓய்வு பெற்றபின் அவருக்கு ஒரே கேள்விதான். கருவி இல்லாமல், வெறும் உடம்பை வைத்துச் செய்கிற பயிற்சிகளில் இதயத்துக்கு எது திறம்? அதற்கு அவர் கண்ட ஆய்வுகூடம் உடுப்புத் தோய்க்கும் அறை. "ட்ரையர் ஓட முக்கால் மணித்தியாலம். சனம் சும்மாதானே பாத்துக்கொண்டு நிக்குது?" ஒரு நிமிடம் துள்ளவேண்டும். உடனே பதினைந்து விநாடி நாடி பிடித்து நாலால் பெருக்குவார். துடிப்பு அடங்கியதும் அடுத்தது. முடிவெல்லாம் நகைக்கடைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஏறும்.

என்னைப் பிடித்த பயம் வேறு. மூன்று வாரத்தில் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர் ஒட்டி, ஓடும் பட்டியில் என்னை நடத்திப் பார்க்கப் போகிறார்கள். அப்பா ஐம்பதில் போனவர். எனக்கு ஐம்பது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். இதயம் எந்தப் பக்கம் என்பதையே பயந்து பயந்துதான் தெரிந்துகொண்டேன். "மெல்லமாக உடற்பயிற்சி செய்யுங்கோ" என்றார் டொக்டர். அந்த 'மெல்லமாக' என்ற சொல் என்னை நாலு இரவு தூங்கவிடவில்லை. அந்தப் பட்டியிலேயே விழுந்து போய்விடுவேன் என்று முடிவுகட்டி, ஒருவருக்கும் சொல்லாமல் உடுப்புக் கூடையோடு திரிந்தேன்.

"அன்ரி, கையையும் காலையும் விரிச்சுத் துள்ளுங்கோ" என்றார் அண்ணை.

"இந்த வயசிலையோ? ஆரும் கண்டா என்ன நினைப்பினம்?"

"காப்பைக் கழட்டிப்போட்டுத் துள்ளுங்கோ. கிலுங்கிற சத்தத்திலை எனக்குக் கணக்குப் பிழைக்குது."

அன்ரி துள்ளினார். துள்ளிக்கொண்டே ஒன்பதாம் மாடிக்காரரின் மகள் கலியாணம் குழம்பிய கதையை ஒரு வரி விடாமல் சொன்னார். அண்ணைக்குக் கோபம். "கதைக்க ஏலும், பாட ஏலாது எண்டு மூச்சு வரவேணும். அதுதான் அளவு. உங்களுக்கு மூச்சு நிண்டாலும் கதை நிக்காது போலை!"

குந்தி எழும்புவது துடிப்பை மெதுவாகத்தான் ஏற்றியது. அனுஷா பர்ப்பீ போட்டாள்: குந்தி, கையூன்றி, காலைப் பின்னால் எறிந்து, எழும்பித் துள்ளவேண்டும். நூற்று இருபத்தெட்டு. இதுவரை அதுதான் உச்சம். "ரெண்டாவது நிமிசம்?" என்று அண்ணை கேட்க, அனுஷா, "நோ வே, அங்கிள்!" என்று தரையில் படுத்துவிட்டாள். நின்ற இடத்தில் முழங்கால் தூக்கி நடப்பது துடிப்பில் குறைவு. ஆனால் பத்து நிமிடம் எல்லோரும் சிரித்தபடி செய்தோம். நானும் செய்தேன், கதிரையைப் பிடித்துக்கொண்டு. "எது கூட அடிக்குது எண்டது பெரிசில்லை. நாளைக்கும் செய்வியோ? அதுதான் கேள்வி" என்று அண்ணை தாளில் கோடு கீறினார்.

பிறகு என்னைக் கதிரையில் இருத்தி, துடிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து கையைப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து என் போன் அதிர்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய திகதியை நினைவுபடுத்தும் செய்தி.

அண்ணை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். "நூற்று முப்பத்திரண்டு! தம்பி, நீ என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்லை அண்ணை. இருக்கிறன்."

'கதிரையில் இருந்து பயப்படுதல் – முதலாமிடம்' என்று அவர் பெரிதாக எழுதினார். அனுஷா, "அங்கிள், தட்ஸ் நொட் ஆன் எக்சர்சைஸ்!" என்று கத்தினாள். அண்ணை அதைக் கேட்கவில்லை. பிடித்த கையை விடாமல், "என்னத்துக்குப் பயம்?" என்றார். சொன்னேன். முதல்முறையாக ஒருவருக்குச் சொன்னேன்.

அவர் மருந்து தந்தார். "ஒரு பயத்துக்குப் பத்துத் தரம் குந்தி எழும்பு. கடன் வைக்கலாம். மன்னிப்புக் கிடையாது."

என் மாடிக்குப் போய்ச் சேருமுன்னமே எண்பது ஏறிவிட்டது. ட்ரையர் கதவைச் சாத்தினேனா? பத்து. லிப்ட் இடையில் நிற்குமா? பத்து. இவ்வளவு குந்தினால் முழங்கால் என்னாகும்? அந்தப் பயத்துக்கும் பத்து. அண்ணை ஒவ்வொரு நாளும் கதவைத் தட்டிக் கணக்குக் கேட்டுத் தாளில் எழுதினார். நானும் முடிந்த அளவு குந்தி எழும்பிக் கடனை அடைத்தேன்.

ஆஸ்பத்திரிக்கு அவரும் வந்தார். காத்திருந்தவர்களின் கைகளைப் பிடிக்கத் தொடங்கியதால் தாதி அவரை ஒரு மூலைக் கதிரையில் இருத்தி, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் உள்ளே போனேன். பட்டி ஓடியது, சரிந்தது, வேகம் கூடியது. முழங்காலைத் தூக்கித் தூக்கி நடந்தேன். விழவில்லை. "குட்" என்றார் டொக்டர். அவருக்கு அது ஒரு சொல். எனக்கு அது ஒரு வருடத் தூக்கம்.

வெளியே வந்தபோது அண்ணை அதே கதிரையில், அசையாமல். நான் முதல்முறையாக அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பதினைந்து விநாடி. நாலால் பெருக்கினேன்.

நூற்று முப்பத்தாறு.

"காலமை படி ஏறினனான், அதுதான்" என்றார்.

"இப்ப மத்தியானம், அண்ணை."

கையை இழுத்துக்கொண்டார். இப்போது அண்ணை பக்கத்து நகரமான அஜக்ஸில் மகளோடு இருக்கிறார். ஞாயிறு தோறும் போன் எடுத்து, "எத்தினை நிலுவை?" என்று கேட்பார். என்னுடையது அறுநூற்று எண்பது, ஒழுங்காக ஒப்புக்கொள்வேன். அவருடைய நிலுவையைக் கேட்க மட்டும் எனக்கு இன்னும் பயம்.

பத்து.