மூத்தவளுக்கு நாலு விளக்கு

லாரியை விற்க விடவே மாட்டேன் என்று சபதம் செய்தேன். மனசுக்குள்தான். வாய் என்னவோ, "சரிம்மா" என்றுதான் சொன்னது.

"மரக்கடைக்காரர் ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறாராம்," என்றாள் என் மனைவி. "ஒரே ஒரு கண்டிஷன். கம்பெனி ஒயரிங் அப்படியே இருக்கணுமாம். யாராச்சும் கை வெச்ச வண்டின்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாராம்."

"ஓஹோ!"

"என்ன ஓஹோ?"

"சும்மா ஒரு ஓஹோ."

லாரிக்கு அவள் வைத்த பேர் 'மூத்தவள்'. தனக்கு முன்னாலேயே எனக்கு வாய்த்தவளாம். கல்யாணமான புதிதில் நாங்கள் குடித்தனம் நடத்தியதே அதன் கேபினில்தான். நான் செங்கல் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவேன். மூடுபனி இறங்கினால் அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இடது பக்கம் பள்ளம், வலது பக்கம் ஒடிங்க" என்பாள். ஒடிப்பேன். அன்றைக்கு அவள் சொன்ன பக்கம் திரும்பியவன்தான், இன்னும் அப்படியே திரும்பிக்கொண்டிருக்கிறேன். நனைந்த முடியோடு தலையை உள்ளே இழுத்துச் சிரிப்பாள் பாருங்கள், அதற்காகவே இன்னும் கொஞ்சம் பனி இறங்காதா என்றிருக்கும். பிள்ளைகள் பிறந்ததும் அவள் இறங்கிக்கொண்டாள். நானும் மூத்தவளும் மட்டும் மலை ஏறுகிறோம். அவளைப் போய் மரக்கடைக்காரனுக்குக் கொடுப்பதா?

என் திட்டம் ரொம்ப எளிது. முன்னால் கூடுதலாக நாலு விளக்கு. அந்தச் சாக்கில் ஒயரிங் முழுக்கக் கை வைத்துவிடுவது.

"என்னங்க பண்றீங்க?"

"வண்டியைத் துடைக்கறேன்."

"நாலு விளக்கு முளைச்சிருக்கே?"

"அழுக்கு போனதும் வெளிய தெரியுது!"

நம்பிவிட்டாள். நாலையும் ஒரே ஸ்விட்சில் நேராக இழுத்துவிட்டேன். போட்டேன். ஸ்விட்ச் புகைந்தது.

"ஏதோ கருகுதே?" உள்ளேயிருந்து குரல்.

"அடுப்பைப் பாரு!"

"அடுப்பே பத்த வைக்கலியே!"

வெளியே வந்தாள். கிழிக்கப் போகிறாள் என்று பார்த்தால், "அலமாரியில கறுப்பா ஒரு டப்பா, நாலு காலோட கிடந்துச்சு. ரிலேன்னு சொல்வாங்களே, அதுவோ என்னமோ," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். போய்ப் பார்த்தேன். ரிலேதான். புத்தம் புதுசு. பக்கத்திலேயே ஃபியூஸும் இருந்தது. என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரிலே ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஸ்விட்சில் போவது துளியூண்டு கரண்டு. அது ரிலேவுக்குள் 'டக்' என்று காந்தத்தை இழுக்கும். உடனே பேட்டரியிலிருந்து முழுக் கரண்டும் விளக்குக்கு ஓடும். எங்கள் வீட்டிலும் அதே ஏற்பாடுதான். அவள் உள்ளே 'ம்' என்பாள், நான் வெளியே ஓடுவேன்.

ஒயருக்கு டேப் சுற்றினேன். பெயின்டைச் சுரண்டி எர்த் கொடுத்தேன். கெடுப்பதற்காகச் செய்த வேலை. கை கேட்கவில்லை, சுத்தமாக வந்துவிட்டது. ஸ்விட்சைத் தட்டினேன். 'டக்'. எதிர்வீட்டுச் சுவர் வரைக்கும் பகலாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மரக்கடைக்காரர் வந்தார்.

"அண்ணே, விளக்கு அமர்க்களமா இருக்கே!"

முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன். "ஒயர்ல கை வெச்சுட்டேங்க. இனிமே இந்த வண்டி உங்களுக்கு வேண்டியிருக்காது."

"வண்டியா? எனக்கெதுக்குண்ணே வண்டி? அண்ணிகிட்ட ஏணி வாங்கிட்டுப் போனேன். திருப்பிக் குடுக்க வந்தேன்."

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். ஏணிக்குப் பக்கத்தில் நானும் சாய்ந்து நின்றேன்.

"ஏம்மா... விக்கறேன்னியே?"

"மூத்தவளை யாராச்சும் விப்பாங்களா? பனிக்கு விளக்குப் போடுங்கன்னு எத்தனை வருஷமாக் கேக்கறேன்! 'என் கண்ணே விளக்கு'ன்னு மீசையை முறுக்குவீங்க. நீங்க மலை இறங்கி வர்ற வரைக்கும் எனக்கு உசிரே இல்லீங்க."

"இனிமே நீ நேரா சொல்லும்மா, உடனே செய்யறேன்," என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"வேண்டாங்க, இதுதான் சௌகரியமா இருக்கு," என்றாள். "அடுத்த ஞாயிறு இன்னொருத்தர் பாக்க வர்றார். அவருக்குக் கேபின் ஒழுகற வண்டிதான் வேணுமாம்."