குடல் வறுவலுக்கு வந்த சோதனை

ஆன்லைனில் பணம் அனுப்புவதை இந்த நாட்டிலிருந்தே ஒழித்துக்கட்டுவது என்று செபாஸ்டின் முடிவெடுத்தார். நாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வீட்டில் ஒழிந்தால் போதும். வீட்டில் என்றால், அவர் மனைவி ராயம்மாளின் போனில்.

காரணம் கேட்டால் பாதுகாப்பு என்பார். உண்மையான காரணம் குடல் வறுவல்.

செபாஸ்டின் டிராக்டர் வைத்து ஊராருக்கு உழவு ஓட்டுகிறவர். வருகிற கூலி அப்படியே ராயம்மாள் கைக்குப் போய்விட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். டீசலுக்கு அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். அந்த டீசல் காசுக்குள் ஒரு தட்டு குடல் வறுவல் எப்போதும் ஒளிந்திருக்கும். அதியமான்கோட்டையில் பைபாஸ் ஓரம் பங்க், பங்க்குக்கு எதிரில் மாதேஷ் மெஸ். டிராக்டருக்குக் கொஞ்சம் குறைத்து ஊற்றிவிட்டு மிச்சத்துக்கு மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்துவிடுவார். டிராக்டர் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று சனி அவர் நாக்கிலேயே வந்து உட்கார்ந்தது. பூசை முடிந்து வெளியே வந்ததும் மச்சான் சந்தியாகு, "வெள்ளிக்கிழமை ஆனா நான் கவுச்சி தொட மாட்டன்" என்றான். அதை எல்லாரும்தான் செய்கிறார்கள். ஆனாலும் மச்சான் சொன்னால் இவரால் சும்மா இருக்க முடியுமா? நெற்றியில் சாம்பலோடு நின்று, "நான் ஈஸ்டர் வரைக்கும் கவுச்சி பக்கமே போவ மாட்டன்" என்று அறிவித்துவிட்டார். அது ஃபாதர் காதில் விழுந்தது. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினார். தெருவில் மரியாதை ஏறியது. சின்னப் பிள்ளைகள்கூட வணக்கம் வைத்தார்கள். நாக்குக்கு இந்த மரியாதையெல்லாம் புரியவில்லை. அது பாட்டுக்குக் குடல் கேட்டது, டீசல் காசும் இருந்தது, தவக்காலம் ஒருவழியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மகளிர் குழுவில் யாரோ வந்து ராயம்மாளுக்குப் போனில் பணம் அனுப்பக் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

"இனிமே காசு எடுத்துட்டு அலைய வேணாங்க. டீசல் போட்டுட்டு பங்க்காரன் ஸ்கேனரை போட்டோ புடிச்சு வாட்ஸப்புல அனுப்புங்க. நான் வூட்டுல இருந்தே போட்டுடறன்."

டிராக்டருக்கு வயிறு முட்ட டீசல் கிடைக்க ஆரம்பித்தது. செபாஸ்டின் எதிர்ப்பக்கத்து வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார். ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். பிறகுதான் நாட்டின் பாதுகாப்பைப் பற்றிய கவலை அவரைப் பிடித்துக்கொண்டது.

"ராயி, சேதி தெரியுமா? இண்டூர்ல ஒருத்தருக்கு போன் வந்துச்சாம். எடுத்து அலோன்னாராம். அவ்ளோதான், பேங்க்ல இருந்த பணம் பூரா போயிடுச்சு."

"அலோன்னு சொன்னதுக்கேவா?"

"அதுக்கேதான்."

"ரகசிய நம்பர் கேட்டிருப்பான். இவரு சொல்லியிருப்பாரு."

"சொல்லவே இல்லியாம்."

"அப்ப அந்த மனுசன் பணத்த வேற எங்கியோ வுட்டுட்டு, பொண்டாட்டிக்கு பயந்து போன் மேல பழிய போட்டிருப்பாரு."

செபாஸ்டின் வாயிலிருந்த சோற்றைத் தண்ணீர் குடித்து இறக்கினார்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றன். காசுன்னா கையில இருக்கணும். அதான் பத்திரம்."

"உங்க கையில இருந்தா பத்திரங்களா?"

செபாஸ்டின் மோர் கேட்டார்.

பேசினால் இவள் பயப்பட மாட்டாள், பட்டால்தான் பயப்படுவாள் என்று தெரிந்துவிட்டது. மறுநாள் நேராக மாதேஷிடம் போனார். மாதேஷ் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு இவர் வீட்டுக்கு வந்து ராயம்மாள் கையால் சாப்பிடுகிறவன். தம்பி மாதிரி.

"நீ பேங்க் ஆபீசர் மாதிரி பேசி, அவளோட ரகசிய நம்பரைக் கேளு. அவ சொன்னதும் வச்சிடு. 'பாத்தியா, நல்ல வேளை நான் இருந்தன்'னு மீதிய நான் பாத்துக்கறன். அன்னிக்கே போனைத் தூக்கிப் பொட்டியில போட்டுட்டு காசா குடுத்துடுவா."

"எனக்கு பொய் பேச வராதுண்ணா. அதுவும் அக்காகிட்ட."

"பொய் என்னாடா பொய். பேங்க்னு ஒரு வார்த்தை. மீதியெல்லாம் கேள்விதான."

மாதேஷ் தலையைச் சொறிந்தான். கடைசியில் பரோட்டா மாஸ்டரின் போனிலிருந்து பேசுவது என்று முடிவாயிற்று.

சாயங்காலம் ராயம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செபாஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் தெரியாதவர் மாதிரி காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது. கையில் கீரை என்பதால் ராயம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம் மேடம். பேங்க்ல இருந்து பேசறோம். உங்க கணக்கு நாளையோட முடங்கப் போவுது."

"அப்புடிங்களா சார்? பேங்க்ல என்னாங்க இப்புடி சத்தம்?"

பின்னால் தோசைக்கல்லில் கொத்து பரோட்டா படபடவென்று கொத்துப்பட்டுக்கொண்டிருந்தது.

"அது வந்துங்க, பணம் எண்ணற மெஷினுங்க."

"மாஸ்டர், அதுல இன்னொரு முட்டை" என்று யாரோ கத்தினார்கள். ராயம்மாள் கீரையைக் கீழே வைத்தாள்.

"மேடம், பணம் அனுப்பறப்ப ஒரு ரகசிய நம்பர் போடுவீங்கல்ல. அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா போதுங்க."

"சொல்லிடு ராயி" என்றார் செபாஸ்டின் பக்கத்திலிருந்து.

"நீங்கதான அலோன்னாலே பணம் போயிடும்னீங்க?"

"இவரு குரலைக் கேட்டா நல்லவராட்டம் தெரியுது."

ராயம்மாள் புருஷனை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள்.

"தாராளமா சொல்றன் சார். ஆனா ஊரெல்லாம் திருட்டுப் போனா வருது. நீங்க நெசமாவே எங்க பேங்க்காரர்னா எங்க வூட்டப் பத்தி எதுனா அடையாளம் சொல்லுங்க."

இந்தக் கேள்வி திட்டத்தில் இல்லை. கேட்கிற வேலை மட்டும்தான் என்று நம்பி வந்தவன் மாதேஷ்.

"உங்க வூட்டுக்காரர் பேரு செபாஸ்டினுங்க. டிராக்டர் வச்சிருக்காரு."

"அது தர்மபுரிக்கே தெரியும். யாருக்கும் தெரியாத ஒண்ணு சொல்லுங்க."

போனில் பெருமூச்சு கேட்டது. யாருக்கும் தெரியாத ஒன்று மாதேஷிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"டீசல் போட வந்தா டிராக்டரை எதிர்ப்பக்கம் புளியமரத்தடியில நிறுத்துவாருங்க."

"நிறுத்திட்டு?"

செபாஸ்டின் பலமாக இருமினார். ராயம்மாள் சொம்பை அவர் பக்கம் தள்ளிவிட்டாள்.

"நிறுத்திட்டு உள்ள வருவாருங்க. குடல் வறுவல் கேப்பாருங்க, மெளகு தூக்கலா."

"கடைசியா எப்ப வந்தாரு சார்?"

"போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமைங்க. அப்புறம் வரலீங்கக்கா. நீங்கதான் ஸ்கேனர்ல போட ஆரம்பிச்சிட்டீங்களே."

ராயம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"ரொம்ப சந்தோசம் மாதேஷு. வூட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியங்கக்கா" என்றான் மாதேஷ். குரலிலிருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியிருந்தது.

ராயம்மாள் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனோடு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே நின்று ரொம்ப நேரம் பேசினாள். செபாஸ்டின் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி இருந்தார். கண்ணுக்கு முன்னால் பிரசங்க மேடையில் ஃபாதர் தெரிந்தார், கீழே சந்தியாகு பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான். இனி இந்தத் தெருவில் நாய்கூட வணக்கம் வைக்காது.

திரும்பி வந்த ராயம்மாள் மறுபடி கீரையை எடுத்தாள்.

"ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. எந்த பேங்க்காரனும் போன் பண்ணி நம்பர் கேக்க மாட்டான். கேட்டா அவன் திருடன். இல்ல, திருடனுக்கு வேண்டப்பட்டவன்."

"ராயி, ஃபாதர்கிட்ட..."

"நான் ஏன் சொல்றன்? பாவசங்கீர்த்தனத்துல நீங்களே சொல்லிக்கங்க."

"மச்சான்கிட்ட?"

"எங்க அண்ணன்கிட்டயும் சொல்ல மாட்டன். நாளைக்கு டீசல் போடப் போறீங்கல்ல? பசிச்சா மாதேஷு கடையிலயே சாப்புட்டு வாங்க. காசு நான் அங்கயே போட்டுட்டன்."

செபாஸ்டின் காதை நம்பவில்லை. இவ்வளவு நல்லவளை இத்தனை வருஷம் ஏமாற்றிவிட்டோமே என்று அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. ராத்திரி முழுக்க ஆன்லைனைப் பற்றித் தன் மனதை மாற்றிக்கொண்டார். அப்படி ஒன்றும் மோசமான சாமான் இல்லை, நல்லவர்கள் கையில் இருந்தால் நல்லதுதான்.

மறுநாள் டிராக்டரைப் புளியமரத்தடியில் கம்பீரமாக நிறுத்தினார். முகம் கழுவி, கைலியை அவிழ்த்துக் கட்டி, மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்தார்.

"மாதேஷு, மெளகு தூக்கலா."

மாதேஷ் இலை போட்டான், தண்ணீர் தெளித்தான், உள்ளே போனான். கிண்ணத்தோடு வந்து, தலையைக் குனிந்தபடி இலையில் கவிழ்த்தான்.

"என்னாடா இது?"

"தயிர்சாதங்ணா. ஈஸ்டர் வரைக்கும் அக்கா முன்பணம் போட்டிருக்காங்க. நீங்க எப்ப வந்தாலும் இதான்."

"எடுத்துட்டுப் போ. வறுவல் கொண்டா. காசு நான் அப்பறமா தரன்."

"முடியாதுங்ணா" என்ற மாதேஷ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து இலைக்கு நேராகப் பிடித்தான். "போட்டோ அனுப்பணுமாம். கொஞ்சம் சிரிச்ச மாதிரி குனிங்கண்ணா, மூஞ்சியும் சேந்து தெரியணும்னு அக்கா சொன்னாங்க."