ஜமீனுக்கு வாங்கிய நெத்திலி

ஜமீனை ஓட வைத்தே தீருவது என்று நான் முடிவு செய்தேன். தினமும் இரண்டு வேளை. மழை வந்தாலும் சரி, புயல் வந்தாலும் சரி. கடலூர்க்காரன் புயலை இழுத்துப் பேசினால் அது வாய்ப்பேச்சு இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஜமீன் எங்கள் வீட்டுப் பூனை. மஞ்சக்குப்பத்தில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டில் சோபா முழுக்க அவருக்குத்தான். காலையில் நெய் இட்லி, மதியம் தயிர்சாதம், மாலையில் பால். இடையில் ஒரே வேலை. ஒரு பக்கம் படுத்து அலுத்துப்போனால் மறுபக்கம் திரும்புவார். அதையும் பல நாள் நான்தான் திருப்பி விட்டிருக்கிறேன்.

பூனை மேல் இவனுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துவிடாதீர்கள். என் அக்கறை எல்லாம் கருவாட்டின் மேல்.

என் பெயர் தனக்கோடி. தேவனாம்பட்டினத்துக்காரன். அப்பா, தாத்தா எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். நான் மட்டும் கரையில் தங்கி, வீடு வீடாகப் போய்க் குடிதண்ணீர் மெஷின் ரிப்பேர் செய்கிறேன். அப்படிப்பட்டவன் காதலித்தது வடலூர் காயத்ரியை. மூன்று தலைமுறையாக முட்டைகூட உடைக்காத சன்மார்க்கக் குடும்பம். ஜோதிக்கு முன்னால் நின்று, இனி மீனும் கறியும் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தால்தான் பெண் என்றார்கள். செய்தேன். காதலிக்கிறவன் வயிற்றைக் கேட்டா சத்தியம் செய்கிறான்? ஒன்பது வருஷம் ஆகிறது. சேனைக்கிழங்கை மீன் துண்டு மாதிரி நறுக்கி வறுத்துப் போடுகிறாள். நானும் ஒன்பது வருஷமாக அதில் முள் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நிலைமையில்தான் ஜமீனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காயத்ரியின் அண்ணன் பாலகுமார் சிதம்பரத்தில் கால்நடை டாக்டர். கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். எடை மெஷினைப் பார்த்தவர் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கைய எடுங்க. பூனைய மட்டும் நிறுக்கணும்."

"எடுத்துட்டேன் மச்சான்."

"ஏழே முக்கால் கிலோவா! என்னாம்மா காயத்ரி போடற இதுக்கு?"

"தயிர்சோறுதாண்ணே."

"அதான் வெனை. இது பூனைம்மா. மீனு, கறி இல்லாட்டி இதுக்குக் கண்ணும் போயிடும், இதயமும் போயிடும். நெத்திலிக் கருவாடு வாங்கு. உப்பு போவ ஊற வச்சி, அலசி, எண்ணெ இல்லாம வறுத்துக் குடு."

காயத்ரிக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ, அந்தச் சொல்லை என் மனைவி முன்னால் ஒருவர் வாய்விட்டுச் சொன்ன அதிர்ச்சியில் கண்ணே கலங்கிவிட்டது. பூனைக்காக அழுகிறேன் என்று நினைத்து மச்சான் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

"தட்டுல வைக்காத. அட்டப்பொட்டிக்குள்ள, கதவுக்குப் பின்னால, ஜன்னல் மேலன்னு ஒளிச்சி வை. தேடித் திங்கட்டும். ஒண்ண நூல்ல கட்டி எலி ஓடற மாதிரி இழு. காலைல கால் மணி, சாயந்தரம் கால் மணி. அதுக்கு வேட்ட இல்லாத சலிப்பு, அதான் படுத்தே கெடக்குது. ஒரு மாசம் பாப்போம்."

திரும்பி வரும்போது காயத்ரி கூடையை மடியில் வைத்து ஜமீனைத் தடவிக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் பெருமூச்சு விட்டாள்.

"அதுக்கு அது இயற்கை. நம்மளால ஒரு உயிரு போவக் கூடாது மாமா. வாங்கிடுவோம்."

"உனக்காகத் தாங்கிக்கறேன்" என்றேன்.

"சமையக்கட்டுக்குள்ள வரக் கூடாது. யாரு வறுக்கறது?"

"நான் மொட்ட மாடில வச்சி வறுக்கறேன். வெளையாட்டு காட்டறதும் நானே."

"ரெண்டு வேளையுமா? நீங்களா?"

"ஜமீன் எனக்குப் புள்ள மாதிரி, காயத்ரி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ப்ளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவள். பரீட்சை ஹாலில் ஒரு பையன் அடிக்கடி பாத்ரூம் போனால் பார்ப்பாளே, அந்தப் பார்வை. நான்தான் கருவாட்டு நினைப்பில் அதைக் கவனிக்கவில்லை.

மறுநாளே முதுநகர் போய்விட்டேன். கருவாட்டுக் கடை ரத்தினம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

"தனக்கோடியா? உன்ன வடலூர்லயே வச்சிக்கிட்டாங்கன்னு நெனச்சேன்! என்னாய்யா வேணும்?"

"நெத்திலி. நல்லதா குடு. பூனைக்கு."

"பூனைக்கு எதுக்குய்யா நல்லது? உடைசல் இருக்குது, அள்ளிக்கோ."

"அய்யய்யோ, வேணாம். அது நாக்கு ருசி பாக்கற பூனை."

ரத்தினம்மாள் என் வாயைப் பார்த்தாள். வாயோரம் எச்சில். முழு நெத்திலியாகப் பொறுக்கிப் போட்டாள்.

முதல் நாள் காலை ஆறு மணி. மொட்டை மாடி. மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள். சின்ன அடுப்பு. இரும்புச் சட்டி சூடேறி, பத்து நெத்திலி விழுந்து, முதல் வாசனை எழுந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றே ஒன்றுதான் தின்பதாக இருந்தேன். தின்றேன். நொறுங்கியது. எங்கள் அம்மா, கடற்கரை, பழைய சோறு எல்லாம் ஒரே கடியில் வந்து நின்றன. அப்புறம் பார்த்தால் சட்டியில் மூன்று கிடந்தன. ஜமீனின் உடம்பு இளைக்க வேண்டும் என்றுதானே டாக்டரே சொல்கிறார்?

அந்த மூன்றில் ஒன்றை நூலில் கட்டி சோபா முன்னால் இழுத்தேன். ஜமீன் கண்ணைத் திறந்தார். என் முயற்சியைப் பாராட்டுவது போல ஒரு கொட்டாவி விட்டார். மூடிக்கொண்டார். ஒளித்து வைத்ததையும் தேடவில்லை. நானே தேடி எடுத்து வாயில் வைத்தால் மட்டும் மென்றார்.

இப்படியே போனது. தடயத்தை அழிப்பதில் நான் தேர்ந்துவிட்டேன். இரண்டு முறை பல் தேய்ப்பு, மூன்று ஏலக்காய், மீசைக்குத் தனியாகச் சோப்பு. ஆனால் நான்காம் நாளிலிருந்து ஒரு சின்னத் தொல்லை. நான் மாடியிலிருந்து இறங்கினால் படிக்கட்டில் ஜமீன் உட்கார்ந்திருப்பார். என் வாயைப் பார்ப்பார். நான் பாத்ரூமுக்கு ஓடினால் பின்னாலேயே ஓடி வருவார். கதவைச் சாத்தினால் வெளியே நின்று கத்துவார். இந்தக் காட்டிக்கொடுப்பிலிருந்து தப்ப அவர் துரத்த, நான் மொட்டை மாடியை மூன்று சுற்று ஓடிவிட்டு, ஏமாற்றி இறங்க வேண்டியிருந்தது.

"ஜமீன் வெளையாடுதா மாமா?" என்பாள் காயத்ரி.

"பிரமாதமா" என்பேன், மூச்சு வாங்க.

மாசம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலகுமார் மச்சான் எடை மெஷினோடு கடலூருக்கே வந்துவிட்டார். சொல்லாமல் வந்தார். நான் அப்போது மாடியில் எட்டாவது நெத்திலியில் இருந்தேன். கீழே அவர் குரல் கேட்டது. பல் தேய்க்கவில்லை. ஏலக்காய் இல்லை. வாயை இறுக மூடிக்கொண்டு நான் இறங்குவதற்குள் மச்சான் ஜமீனை நிறுத்தே முடித்திருந்தார்.

"வாங்க மாப்ள! ஒரு கிலோ கொறஞ்சிருக்கு! எப்டி வெளையாடுதுன்னு காட்டுங்க."

தலையை ஆட்டிவிட்டு நூலை எடுத்து இழுத்தேன். ஜமீன் அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். ம்ஹூம்.

"என்னா மாப்ள, பேசவே மாட்டேங்கறீங்க?"

"ஒண்ணுமில்ல மச்...சான்."

அவ்வளவுதான். வாய் திறந்த அந்த ஒரு நொடியில் ஜமீனின் மூக்கு துடித்தது. சோபாவிலிருந்து டிவி ஸ்டாண்டு. அங்கிருந்து என் நெஞ்சு. முன்னங்கால் இரண்டையும் என் கன்னங்களில் ஊன்றி, அண்ணன் தங்கை இருவர் முன்னிலையில், என் மீசையை நக்க ஆரம்பித்தார். நான் அலறிக்கொண்டு ஹாலைச் சுற்றினேன். உதறினேன். விழுந்தவர் துரத்தினார். படுக்கையறை, பால்கனி, மறுபடி ஹால். மச்சான் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு நிமிஷம்! நிக்கவே இல்ல!"

காயத்ரி மெல்ல என் பக்கத்தில் வந்தாள். மீசையிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு நெத்திலியின் தலை. அதன் கண் என்னையே பார்த்தது.

ஒன்பது வருஷ சத்தியம் போயிற்று, மானம் போயிற்று, பெண்டாட்டியும் வடலூருக்குப் போகப்போகிறாள் என்று நடுங்கிப்போனேன்.

"காயத்ரி... என்ன மன்னிச்சிடும்மா."

"எனக்கு மொத நாளே தெரியும் மாமா."

"என்னாது!"

"பூனைக்கு வறுக்கப் போறவரு பூனையக் கீழ விட்டுட்டு மாடிக் கதவத் தாப்பா போடுவாரா? அண்ணன்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன்."

"நாந்தான் விட்டுப் பிடின்னேன் மாப்ள" என்றார் மச்சான். "நூலுக்கு அசையாத பூனை உங்க வாய்க்கு ஓடுது. ஒரு கிலோ கொறையற வரைக்கும் கலைக்க வேணாம்னு சொன்னேன்."

அதிர்ச்சி தெளிந்ததும் மனசுக்குள் ஓர் ஆசை எட்டிப் பார்த்தது.

"அப்ப... நான் தின்னாத்தான் அது ஓடும். பூனைக்காகத் தொடரணும் இல்ல?"

"கண்டிப்பா தொடரணும்" என்றாள் காயத்ரி. "ஆனா திங்கணும்னு இல்லயே. வாசன இருந்தா போதும்."

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு, கருவாடு ஊறிய தண்ணீரைப் பஞ்சில் தொட்டு என் மனைவி தன் கையாலேயே என் மீசையில் தடவுகிறாள். நான் மொட்டை மாடியில் ஓடுகிறேன். ஜமீன் துரத்துகிறார். ஓடும்போது பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நிறுத்தினால் மீசையை நக்க நாக்கை நீட்டுகிறேன் என்று அர்த்தமாம். பிடிபட்டதும் பத்து நெத்திலியும் ஜமீனுக்கு, சேனைக்கிழங்கு எனக்கு. மீசையை மழித்துவிடலாம் என்று போனால் வீட்டில் இருந்த ப்ளேடு அத்தனையும் காணோம்.

நேற்று மச்சான் போன் செய்தார். சிதம்பரத்தில் இன்னும் நான்கு குண்டுப் பூனைகள் அசைய மறுக்கின்றனவாம். ஞாயிற்றுக்கிழமை என்னை அனுப்பி வைப்பதாகக் காயத்ரி சொல்லிவிட்டாள்.