குறட்டை விட்ட வேர்கள்

அந்தப் பருவம் முழுவதும் எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கவில்லை. "வேர் கேட்டாச்சா?" என்றுதான் கேட்டார்கள்.

பின்வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஓர் அறை. காலை ஏழு மணிக்கே படிக்கட்டில் வரிசை நிற்கும். பொறியியல், வணிகவியல், சட்டம், தத்துவம் என்று கருத்தரங்குகளில் சேராத துறைகள் எல்லாம் அங்கே ஒற்றுமையாக நின்றன. எல்லோருக்கும் வயது இருபது, இருபத்திரண்டு. சிலருக்கு நெற்றி மேலே ஏறியிருந்தது. சிலருக்கு உச்சியில் பொத்தான் அளவுக்கு வெளிச்சம். தலையணையில் உதிர்ந்த முடியைக் காகிதத்தில் மடித்து, செத்த பூனைக்குட்டியைத் தூக்கி வருவதுபோல் கொண்டுவந்தார்கள்.

மாடியில் இருந்தவர் வேரையா. பாதி டாக்டர், பாதி சாமியார். வெள்ளைக் கோட்டு, அதன்மேல் மணிமாலை, தலை நிறைய முடி. கையில் ஒரு பித்தளைப் புனல். புனலின் வாயைத் தலையில் கவிழ்த்து, குழாயைத் தன் காதில் வைத்துக் கண்ணை மூடுவார். மின்விசிறியை நிறுத்துவார்கள்.

"தூங்குதுப்பா."

"எது ஐயா?"

"வேருதான். குறட்டை விடுது. இடது பக்கம் கோவமா வேற இருக்கு. திட்டினியா?"

"கண்ணாடி முன்னாடி ஒருநாள் திட்டினேன் ஐயா."

"அதான்."

பிறகு புனலுக்குள், "எழுந்திருங்கடா கண்ணுங்களா" என்று கிசுகிசுப்பார். தலையில் ஒரு கறுப்புத் துணியைக் கட்டிவிடுவார். நாற்பது நாள் வெளிச்சம் படக்கூடாது. தண்ணீர் படக்கூடாது, வேருக்குச் சளி பிடிக்கும். முடியை எண்ணக்கூடாது, வேருக்குக் கூச்சம். மீறினால் விடிவதற்குள் புருவமும் போய்விடும். காணிக்கைப் பெட்டியில் விரும்பியதைப் போடலாம். பெட்டியருகே நின்ற தடியருக்கு விருப்பம் வரும்வரை போட வேண்டும்.

நாற்பதாம் நாள் மஞ்சள் விளக்கின் கீழ் துணியை அவிழ்ப்பார். உச்சி கறுகறுவென்று இருக்கும். பையன்கள் அழுவார்கள். அம்மாவுக்குப் போன் போடுவார்கள். புது வேர் பயந்துவிடும் என்று உடனே இன்னொரு நாற்பது நாளுக்குத் துணியைக் கட்டிவிடுவார்.

விடுதியின் சலவைக்காரர் மட்டும் என்னிடம் வந்து புலம்பினார். "சார், இவனுங்க தலையணை உறையெல்லாம் அடுப்பு துடைச்ச துணி மாதிரி வருது. தலையில என்னதான் பண்றானுங்க?" நல்ல கேள்வி. அதைக் கேட்க அவருக்கு எந்தப் பட்டமும் தேவைப்படவில்லை.

நான் தாவரவியல் ஆய்வகத்தில் செய்முறை சொல்லிக்கொடுப்பவன். வேர்கள்தான் என் பிழைப்பு. எத்தனையோ வேர்களை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூடக் குறட்டை விட்டதில்லை. ஆனால் என் பேச்சு எடுபடவில்லை. காரணம், வேரையாவின் மிகப் பெரிய அற்புதமே நான்தான்.

அறைக்குள் அவர் தலைக்கு மேலே ஒரு விளம்பரப் பலகை. இடது பாதியில் 'சிகிச்சைக்கு முன்': யாரோ ஒருவருடைய பளபளக்கும் பின்மண்டை. வலது பாதியில் 'சிகிச்சைக்குப் பின்': தோள்வரை முடி தொங்க, சாப்பாட்டுப் பையோடு நடந்துபோகும் நான். முதுகுப்பக்கத்திலிருந்து யாரோ எடுத்த படம். என்னை யாரும் கேட்கவில்லை.

என் முடியை என் மனைவிதான் வெட்டுவாள். சமையலறையில் கவிழ்த்த வாளியில் உட்காரவைத்து, செய்தித்தாளில் ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டு வெட்டுவாள். வலது பக்கம் எப்போதும் கொஞ்சம் ஏறியிருக்கும். போன வருடம் இறந்துவிட்டாள். அதன்பிறகு யாரும் வெட்டவில்லை. வளர்ந்தது. அற்புதம் இவ்வளவுதான்.

"சார், சும்மா சொல்லுங்க. எத்தனை நாள் துணி கட்டினீங்க?"

"கட்டல. முடி வெட்டல, அவ்வளவுதான்."

"வெளிய சொல்லக்கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரா?" கண்ணடித்துவிட்டுப் போவார்கள்.

அப்படியே விட்டிருப்பேன். ஒரு போன் வந்தது.

"சார், உங்க கடைசி வருஷப் பையனோட அக்கா பேசுறேன். தையல் கம்பெனியில இருந்து."

யாரென்று தெரிந்தது. மெல்லிசு. தண்டையும் வேரையும் கண்ணாடிபோல மெல்லியதாக வெட்டுவான் என்பதால் அந்தப் பெயர்.

"திங்கக்கிழமை செய்முறைப் பரீட்சைக்கு வரமாட்டேன்றான் சார். துணி கட்டிட்டு வந்தா உள்ள விடமாட்டீங்களாமே?"

"ஆமாம்மா. போன வருஷம் ஒருத்தன் காப்பியடிக்கத் தொப்பிக்குள்ள படத்தையெல்லாம் ஒட்டிட்டு வந்தான். அதுலேர்ந்து தலையை மூடக்கூடாது."

"அவுத்தா புருவம் போயிடுமாம். போனா போகுதுடா, மையால நான் வரைஞ்சு விடுறேன்னுகூடச் சொல்லிட்டேன். கேக்கமாட்டேன்றான். விதைப் பண்ணையில வேலை எடுத்து வெச்சிருக்காங்க சார். இந்தப் பரீட்சை போனா எல்லாம் போச்சு."

விடுதி அறைக்குப் போனேன். சன்னலைப் போர்வையால் மூடிவிட்டு, தலையில் துணியோடு இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"வேரைப் பத்தி எட்டுப் பக்கம் எழுதினவன் நீ. குறட்டை எந்தப் பக்கத்துல வருது?"

"அது செடியோட வேர் சார். இது முடியோட வேர். வேற டிபார்ட்மெண்ட்."

"யாரு சொன்னா?"

"உங்களுக்கென்ன சார், முடி இருக்கு. பேசுவீங்க."

இதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை காலை சலூனுக்குப் போனேன்.

முடிதிருத்துபவருக்குத் தலையில் ஒன்றுமில்லை. "நிஜமாவா சார்? இந்த முடிக்காகத்தான் பசங்க அங்க வரிசையில நிக்குறானுங்க."

"மொத்தமா எடுங்க. உங்களுக்கு எப்போ போச்சு?"

"இருபத்தி மூணுல. எங்கப்பாவுக்கு இருபத்தொண்ணு. எங்கண்ணன் எங்களையெல்லாம் முந்திட்டான், பத்தொம்பது! எங்க வீட்டு போட்டோவைப் பார்த்தாலே விஷயம் தெரிஞ்சிடும் சார். புனல் எதுக்கு?"

முடி தரையில் விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செடி மாதிரிகள் சேகரிக்கும் காகிதப்பையில் அள்ளிக்கொண்டேன்.

படிக்கட்டில் ஒருவரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. முன்னால் நின்ற பையன் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்பட்டான். "அண்ணே, ரொம்ப லேட்டா வந்துட்டீங்க. பரவாயில்ல, உள்ள எங்க லேப் சார் படம் இருக்கு. பாருங்க, நம்பிக்கை வரும்."

உள்ளே பெஞ்சில் மெல்லிசு இருந்தான். துணி கட்டியவர்களுக்கு வெள்ளிதோறும் புனலில் ஒரு கிசுகிசுப்பு உண்டு. என் படத்துக்கு நேர் கீழே என்னை உட்காரவைத்தார் வேரையா. புனலைக் கவிழ்த்தார். வெகுநேரம் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"சத்தமே இல்ல."

"தூங்குதா ஐயா?"

"தூங்கினா குறட்டை கேக்குமே. செத்துப்போச்சு. பிறவியிலேயே பலவீனம். இந்த மண்டையில இனிமே ஒரு முடி முளைக்காது."

"மேல இருக்காரே, அவருக்கு?"

"அது இரும்பு வேரு. என் குரல்ல வளர்ந்தது. அவரோட உன்னைச் சேர்த்துப் பேசாதே."

"எனக்குச் சொன்னதை எழுதிக் குடுங்க ஐயா. வீட்டுல காட்டணும்."

எழுதி, முத்திரையும் குத்திக் கொடுத்தார். காட்ட வீட்டில் யாரும் இல்லை. அதை நான் சொல்லவில்லை.

பையை மேசையில் கவிழ்த்தேன். தோள்வரை தொங்கிய முடி குவியலாக விழுந்தது. பெஞ்சுப் பக்கம் திரும்பி, ஒவ்வொரு செய்முறை வகுப்பும் முடியும்போது சொல்வதைச் சொன்னேன்.

"பிளேடைக் கழுவி வெச்சுட்டுப் போங்க."

வரிசையில் தலைகள் திரும்பின. அப்புறம் ஒரு குரல்: "டேய்! லேப் சாருடா!"

படிக்கட்டே குலுங்கியது. வேரையா அசரவில்லை. கையைத் தூக்கினார். "பார்த்தீங்களா பசங்களா? சந்தேகத்தோட வந்தாரு. இரும்பு வேரு, ஒரே நொடியில அத்தனையும் செத்துருச்சு. சந்தேகத்துக்கு அவ்வளவு விஷம்!"

வரிசையில் பாதி "ஆமா" என்றது. தத்துவம் படிக்கும் ஒருவன் கைகட்டி முன்னால் வந்தான். "ஐயா, எனக்குச் சந்தேகமே இல்ல." அந்த மாடியில் நான் பார்த்த ஒரே அற்புதம் இதுதான்.

மெல்லிசு பெஞ்சைவிட்டு எழவில்லை. என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை. ஆய்வகத்தின் வாசலில் துணிக்கட்டோடு நின்றான். முழங்கையைப் பிடித்தபடி அக்கா. அவள் இன்னொரு கையில் மைப்பென்சில். சொன்னதைச் செய்பவள்.

நான் குனிந்து தலையைக் காட்டினேன். "தொட்டுப் பாரு."

தொட்டான். உப்புத்தாள்போலச் சொரசொரத்தது.

"மூணு நாள்," என்றேன். வேரையாவின் சீட்டை நீட்டினேன்.

முத்திரையோடு படித்தான். மறுபடி தொட்டான். "செத்த வேரு நல்லா வேலை செய்யுதே சார்," என்றான். துணியை அவனே அவிழ்த்தான்.

உச்சி கறுகறுவென்றிருந்தது. அக்கா கைக்குட்டையை நனைத்து ஒரு துடைப்பு. கைக்குட்டை கறுத்தது, உச்சி வெளுத்தது. துணியின் உள்பக்கம் முழுக்க எண்ணெயில் குழைத்த கரி.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "அக்கா, புருவம்?"

"ரெண்டும் இருக்குடா எருமை. உள்ள போ."

அவனுக்குப் பின்னால், சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர் துணியை அவிழ்த்தார்கள். கை கழுவும் தொட்டியில் தண்ணீர் மையாக ஓடியது. அவரவர் தலையில் சரியாக அவரவர் முடிதான் இருந்தது. பரீட்சை தொடங்கியது. மெல்லிசு தொட்டாற்சிணுங்கி வேரை வெட்டினான். அவ்வளவு மெல்லிசாக நான்கூட வெட்டியதில்லை.

பரீட்சை நடந்த மூன்று மணி நேரத்தில் அக்கா சும்மா இருக்கவில்லை. கறுத்த கைக்குட்டையைக் கொடிபோலப் பிடித்து மாடிக்குப் போயிருக்கிறாள். துணையாகச் சலவைக்காரர், ஒரு மூட்டை தலையணை உறையோடு. படிக்கட்டு வரிசை முழுக்க ஈரத்துணியால் தலையைத் துடைத்துப் பார்த்திருக்கிறது. தத்துவ மாணவன்தான் முதலில் பெட்டியைத் தேடினானாம். பெட்டி இல்லை. வேரையாவும் இல்லை. புனல் மட்டும் இருந்தது. அக்கா அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். முகர்ந்து பார்த்தேன். மண்ணெண்ணெய் வாடை.

வேரையாவின் தலையில் இருந்த முடி நிஜம்தான். அதையும் சொல்ல வேண்டும். அந்தப் பெருமை அவர் அப்பாவுக்கு.

மெல்லிசு விடைத்தாளைக் கொடுத்துவிட்டு நின்றான். "இப்போ இதுக்கு என்ன சார் பண்றது?"

"தோல் டாக்டரைப் பாரு. பரம்பரையா வர்றதுதான். மருந்து போட்டா சிலருக்கு மெதுவாகும். சிலருக்கு ஆகாது."

"ஆகலைன்னா?"

"சலூன்காரர்கிட்ட கேளு. சீப்பு செலவு மிச்சம்பார்."

சிரித்தான். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

"பிளேடைக் கழுவி வெச்சுட்டுப் போங்க," என்றேன். "யோசிக்கிறதை மட்டும் இங்கேயே வெச்சுட்டுப் போயிடாதீங்க."