அப்பா மஞ்சள் என்று சொன்ன தண்ணீர்

மதிப்பும் அன்பும் மிக்க சித்தப்பா அவர்களுக்கு,

உங்கள் அண்ணன் மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அப்பா மிகவும் நலம், அதுதான் பிரச்சினையே. அங்கே நீங்களும் சித்தியும் உங்கள் தங்கமீன்களும் எப்படி இருக்கிறீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும் எனப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது. தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் வந்தால் இரண்டு உயிர் போய்விடும்.

குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு, காலி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவின் குறட்டை இங்கே கேட்கிறது. அது நின்றால் நானும் நிறுத்திவிடுவேன், எனவே ஏதாவது ஒரு வாக்கியம் பாதியில் நின்றால் பயப்பட வேண்டாம். என் போன் அப்பாவின் பீரோவுக்குள் இருக்கிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். நாளைக்கு அம்மா சித்தியின் குக்கரைத் திருப்பிக் கொடுக்க வருவாள். அதற்குள்தான் இந்தக் கடிதத்தை வைக்கப்போகிறேன். சித்தி திறப்பதற்கு முன்னால் நீங்கள் திறந்துவிடுங்கள். நீங்கள் சமையலறைக்குள் போய்க் குக்கரைத் தொட்டால் சித்திக்குச் சந்தேகம் வரும் என்பது தெரியும். ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள்.

சித்தப்பா, நான் சொல்வதைக் கேட்டுக் கோபப்படக்கூடாது. இது எல்லாவற்றுக்கும் காரணம் நீங்கள்தான். விடுமுறைக்கு நாங்கள் வந்திருந்தபோது உங்கள் தங்கமீன் தொட்டியைப் பார்த்துவிட்டு அப்பா, "இது என்னடா, குழாய்த் தண்ணியில நாலு மீனு. வளத்தா கடல் மீன் வளக்கணும், பவளம் வளக்கணும்" என்றார். நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம். "அதெல்லாம் உங்களால முடியாதுண்ணே. அதுக்குப் பொறுமை வேணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். சித்தியும் சிரித்தார். திரும்பி வரும்போது அப்பா வீட்டுக்குப் போகிற திருப்பத்தில் வண்டியைத் திருப்பாமல் நேராக மீன் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். பொறுமை இருக்கிறது என்று காட்டுவதற்கு அவ்வளவு அவசரம்.

மீன் கடைக்காரர் மிகவும் நல்லவர். யார் என்ன கேட்டாலும் இல்லை என்று சொல்லமாட்டார். "இதுலயே பெரிய தொட்டி இருக்கா?" "இருக்கு சார்." "இத விடப் பெருசு?" "உங்களுக்காகவே ஒண்ணு இருக்கு சார்." அந்த உங்களுக்காகவே தொட்டி எங்கள் கூடத்துக்குள் நுழைவதற்காகச் சோபா என் அறைக்கு வந்தது, டிவி சோபாவின் மேல் உட்கார்ந்தது, என் படிப்பு மேசை பால்கனிக்குப் போனது. துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்துதான் இப்போது பாடம் படிக்கிறேன். கணக்குப் போடும்போது மேலே அப்பாவின் லுங்கியிலிருந்து விடையின்மேல் சொட்டுகிறது. அம்மாவிடம் சொன்னேன். "ஒரு கடலே வீட்டுக்குள்ள வந்துருக்கு, நீ மேசைக்கு அழுற. பேசாம இரு, அடுத்தது நான்தான் பால்கனிக்கு" என்றாள்.

கடல் தண்ணீரைக் கடலிலிருந்து எடுக்க வேண்டாமாம். சுத்திகரித்த தண்ணீரில் அதற்கென்றே விற்கும் உப்பைக் கரைத்து நாமே செய்துகொள்ளலாமாம். அப்பா அதைக் கேட்டுவிட்டு, உப்பு உப்புதானே என்று சமையல் உப்பைப் பொட்டலம் பொட்டலமாகக் கொட்டிக் கலக்கினார். பிறகு கடைக்காரருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னார். அவர், "பரவால்ல சார், அதக் கொட்டிட்டு வாங்க, நம்மகிட்ட வேற இருக்கு" என்றார். முதல் கடல் சாக்கடைக்குப் போனது. இரண்டாவது கடலுக்கு வீட்டிலிருந்த எல்லா வாளியும் போனது. எந்த வாளியில் உப்புத் தண்ணீர், எதில் நல்ல தண்ணீர் என்று யாருக்கும் தெரியாமல் அம்மா ஒன்றில் என் சீருடையை அலசிவிட்டாள். காய்ந்த பிறகு அந்தப் பாவாடையை யாரும் பிடிக்காமலே தரையில் நிறுத்த முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன், சித்தப்பா. உட்காரும்போது அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அதற்கப்புறம் கீழ்வீட்டுப் பல் டாக்டர் விவகாரம். பெரிய தொட்டிக்குக் கீழே, மோட்டார் வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிற ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மின்சாரம் நின்றால் மேலேயிருந்து கொஞ்சம் தண்ணீர் அதில் இறங்கும், ஆகவே அதில் இடம் விட்டு நிரப்ப வேண்டும். அப்பா விளிம்புவரை நிரப்பினார். "பாதி நிரப்புறதுக்கா முழுசா வாங்கினேன்?" என்று கேட்டார். மின்சாரம் நின்றது. கடல் கூடத்தில் இறங்கி, சுவரோரமாக ஒரு வழி கண்டுபிடித்து, பல் டாக்டர் யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்த இடத்தில் சொட்டியது. அவர் கையுறையைக்கூடக் கழற்றாமல் மாடியேறி வந்தார். "சார், மேலேருந்து தண்ணி ஒழுகுது. நான் வேற ஏதோன்னு பயந்துட்டேன். நக்கிப் பாத்தேன், உப்புக் கரிக்குது." வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அப்பா ஆவலோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக் கரிக்குது? கடல் மாதிரியா, இல்ல கொஞ்சம் கம்மியா?" என்று கேட்டார். பல் டாக்டர் இப்போது எங்களோடு பேசுவதில்லை. அவர் வீட்டு நாய்கூட அம்மாவைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

பிறகு கல் வந்தது. சாதாரணக் கல் இல்லை, உயிருள்ள பாறை என்று அதற்குப் பெயர். உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் இருக்குமாம். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றும் இருந்தது: உடம்பெல்லாம் முள்முள்ளாக ஒரு புழு, விளக்கை அணைத்தால் வெளியே வருகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கல்லுக்குப் பேரு உயிருள்ள பாறையாம். இந்த வீட்டுல உயிரோட இருக்குற என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். வழியிலேயே கல்லில் பாதி உயிர்கள் செத்துப்போயிருந்ததால் வீடு முழுவதும் நாற்றம். அப்பா மூக்கை விடைத்து இழுத்து, "கடல் காத்து" என்றார்.

இங்கேதான் சித்தப்பா கவனமாகப் படிக்க வேண்டும். புதுத் தொட்டியில் செத்தது, அழுகியது எல்லாம் சேர்ந்து அமோனியா என்று ஒரு நஞ்சு உண்டாகும். அதைத் தின்கிற நுண்ணுயிர்கள் கல்லில் தானாகப் பெருக வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மீன் விடக்கூடாது. நாம் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, சும்மா இருந்தால் போதும். எங்கள் வீட்டில் அது ஒன்றுதான் யாருக்கும் வராது. கடைக்காரர் ஒரு குட்டி நீல மீனைப் பையில் கட்டிக்கொடுத்து, "இது எதையும் தாங்கும் சார், விட்டுப் பாருங்க" என்றார். அப்பா விட்டுப் பார்த்தார். அது என் விரலளவுகூட இல்லை. கண்ணாடியில் விரலை வைத்தால் எதிரே வந்து நிற்கும், விரலை நகர்த்தினால் கூடவே வரும். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் ஒரு மூலையில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வாய் திறக்கவில்லை. அப்பா அதைக் கரண்டியால் எடுத்து, "இதுக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்திருக்கு" என்றார். நான் அழுதேன். அழுததற்குத் திட்டு விழுந்தது.

தண்ணீரில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மருந்து விற்கிறார்கள். சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மஞ்சளாக இருந்தால் நல்ல தண்ணீர். பச்சையானால் நஞ்சு. இவ்வளவுதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் அப்பா பெயிண்ட் கம்பெனியில் நிறம் பார்க்கும் அதிகாரி என்பது உங்களுக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் பச்சையாக மாறியது. நன்றாகப் பச்சை. அப்பா அதை ஜன்னலுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "இளவெயில் மஞ்சள்" என்றார். நான் பக்கத்தில் நின்று, "அப்பா, அது பச்சை" என்றேன்.

"என்னது?"

"பச்சைப்பா. மருந்தோட வந்த நிற அட்டையோட வச்சுப் பாருங்க."

"இருபது வருஷமா நான் நிறம் பாத்துச் சம்பளம் வாங்குறேன். நீ எனக்கு நிறம் சொல்லித் தர்றியா? ஏய், இங்க வாடி, இது என்ன நிறம்?"

அடுப்படியிலிருந்து அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "மஞ்சள்தாங்க" என்றாள்.

நான் போனில் தேடி, வேறு யாரோ வைத்த இதே மாதிரிக் குழாயின் படத்தைக் காட்டினேன். அன்றைக்குப் பீரோவுக்குள் போனதுதான் என் போன். தொட்டிப் பக்கம் போனால் காலை ஒடிப்பேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்கப்புறம் தினமும் சோதனை நடக்கிறது, தினமும் தண்ணீர் இன்னும் பச்சையாகிறது, அப்பா தினமும் ஒரு புது மஞ்சள் கண்டுபிடிக்கிறார். எலுமிச்சை மஞ்சள், தளிர் மஞ்சள், நேற்று மழைக்கால மஞ்சள். இப்படி ஒரு மஞ்சள் உலகத்தில் இல்லை, சித்தப்பா. இருந்தால் அது இலையில்தான் இருக்கும்.

நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்கள் என்று தெரிந்ததும் அப்பா கடையில் ஒரு ஜோடி ஆரஞ்சு மீனைச் சொல்லிவைத்துவிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் வாங்கி வந்து விடப்போகிறார். "தம்பி வரும்போது தொட்டியில மீன் ஓடணும். அப்பத்தான் அவன் வாய் மூடும்" என்கிறார். அந்த ஜோடியை நான் பார்த்தேன். ஒன்று பெரியது, ஒன்று சின்னது. பெரியது எங்கே போனாலும் சின்னது பின்னாலேயே போகிறது. சின்னதின் ஒரு துடுப்பு கொஞ்சம் மடங்கியிருப்பதால் சாய்ந்து சாய்ந்து நீந்துகிறது. இந்தத் தண்ணீரில் அவை நீங்கள் வந்து காபி குடித்து முடிக்கும்வரை இருக்கலாம். அதற்கு மேல் இருக்காது. உங்கள் வாய் மூடுவதற்காக அவை வாய் பிளந்து சாக வேண்டுமா?

அதனால் நீங்கள் வர வேண்டாம். உங்களுக்குக் காய்ச்சல் வரட்டும். காய்ச்சல் பிடிக்காவிட்டால் இடுப்புப் பிடிப்பு, அல்லது ஆபீஸில் திடீரென்று வேலை. சித்தி மேல் பழி போடுவதானால் அதையும் போடுங்கள், அப்பா உடனே நம்புவார். இன்னும் ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போடுங்கள். அதற்குள் தண்ணீர் உண்மையிலேயே மஞ்சளாகிவிடும், அப்பா சொன்னதும் சரியாகிவிடும். நான் எழுதியது மட்டும் தெரியவே கூடாது. தெரிந்தால் எனக்குக் கால் மிஞ்சாது. உங்கள் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன். குளியலறை ஈரமாக இருப்பதால் மனத்தால் மட்டும் விழுகிறேன்.

சித்திக்கு என் அன்பு. தங்கமீன்களுக்கு என் முத்தம். பெரியவர்கள் ஆசீர்வதிக்க வேண்டும் என்று வேண்டும்,

உங்கள் கீழ்ப்படிதலுள்ள மகள்,
வாலு

பி.கு.: சித்தப்பா, மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். இதைக் காலையில், அம்மா புடவை மாற்றுவதற்குள் எழுதுகிறேன். அப்பா நேற்றே அந்தக் குழாயைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கு நீங்கள் போன் செய்து, அண்ணன் மனம் குளிரட்டும் என்று, "அருமையான மஞ்சள்ணே! கண்ண மூடிக்கிட்டு மீனை விடுங்க" என்றீர்களே, அது கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "மஞ்சளா? உனக்குக் கண்ணு இருக்காடா? நிறத்தப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? அது பச்சைடா! சுத்தப் பச்சை! அதுல மீனை விடுறவன் மனுஷனா?" என்று அப்பா கத்தியதுவரை உங்களுக்கும் கேட்டிருக்கும். நீங்கள் போனை வைத்த பிறகு நடந்தது இது. கடைக்காரருக்குப் போன் செய்து, ஜோடி ஒரு மாதம் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆகவே நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வர வேண்டும். அடுத்து பவளம் வாங்கப்போவதாகச் சொல்கிறார். வந்ததும் உட்காருவதற்கு முன்னால், "அண்ணே, பவளம் உடனே வச்சுருங்க" என்று மட்டும் சொல்லிவிடுங்கள், பவளங்களும் பிழைத்துக்கொள்ளும். என் போன் மட்டும் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. கடைக்காரருக்குப் பேசிவிட்டு அப்பா என்னையும் அம்மாவையும் எதிரே நிற்கவைத்து, "இத்தனை நாளா இது பச்சைன்னு சொல்ல இந்த வீட்டுல ஒரு ஆளு இல்லையா?" என்று கேட்டார். அம்மா, "இல்லைங்க" என்றாள்.